அரசருக்குச் செருப்பு மாட்டுகிறவர்

க்வாக்கு சுமாசியின் வீடு எங்கே என்று ஒடுமாக்ரோமில் யாரைக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவார்கள். லாரி நிறுத்தம் தாண்டி, மெதடிஸ்ட் கோயிலுக்குப் பின்னால், நீலக் கதவு. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒடிசலான உடம்பு, அதற்குச் சற்றும் பொருந்தாத அகலமான கைகள். நான்கு பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று. கொஞ்சம் கோகோத் தோட்டம் இருக்கிறது, அதை மூத்த மருமகன் பார்த்துக்கொள்கிறான். மனைவி அபெனா சந்தையில் கெங்கே விற்கிறாள், இலையில் கட்டி அவித்த சோளமாவு உருண்டை. காலையில் ஒரு கிண்ணம் சோளக் கஞ்சியைக் குடித்துவிட்டு, வெள்ளைத் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அரண்மனைக்குப் புறப்பட்டாரென்றால் உலகத்தில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. அந்த நடையைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

அரண்மனையில் அவருக்கு ஒரே வேலைதான். அரசருக்குச் செருப்பு மாட்டுவது.

சிரிக்க வேண்டாம். எங்கள் அரசரை நாங்கள் நானா என்போம். நானாவின் வெறும் பாதம் தரையில் படக் கூடாது. பட்டால் ஊருக்கு ஆகாது. அதனால் அவர் எழுந்திருக்கும்போதும் உட்காரும்போதும் பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்க வேண்டும். தங்கத் தகடு பதித்த கறுப்புச் செருப்பு அது. ஒவ்வொன்றும் ஒரு சின்ன முறம் அளவு இருக்கும். நானா தானாகக் காலை நுழைத்துக்கொள்ள மாட்டார். சுமாசி மண்டியிட்டு, பாதத்தை எடுத்து மடியில் வைத்து, ஈரத் துணியால் துடைத்து, கனத்த பட்டையை விரலால் தூக்கிப் பிடித்து உள்ளே நுழைப்பார். அவர் தாத்தா செய்தார், அப்பா செய்தார், இப்போது இவர் செய்கிறார். அந்தக் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் அந்தச் செருப்பைத் தொடுவதில்லை.

இதே வேலைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அரசர் கெட்டுப்போனால் அவரை இறக்கிவிட ஊருக்கு உரிமை இருக்கிறது. அதற்குப் படை வேண்டாம், ஓட்டுப்பெட்டி வேண்டாம். பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொல்வார்கள். செருப்புக்காரர் முன்னால் வருவார். இரண்டு செருப்பையும் கழற்றி, பாதத்தைத் தரையில் வைப்பார். அந்த நொடியிலிருந்து அவர் அரசர் இல்லை; நம்மைப் போல இன்னொரு மனிதர். எங்கள் நாட்டில் வெள்ளைக்காரன் ஆண்டிருக்கிறான், கட்சிக்காரர்கள் ஆண்டிருக்கிறார்கள், ராணுவம் நாலைந்து முறை வந்துபோயிருக்கிறது, இப்போது ஓட்டு. அவர்களில் ஒருத்தரை இறக்குவதற்குள் நாட்டுக்கு நாக்குத் தள்ளிப்போகும். எங்கள் நானாவை இறக்க இரண்டு கை போதும்.

ஆனால் அதில் ஒரு முடிச்சையும் போட்டுவைத்தார்கள். ஓர் அரசரின் செருப்பைக் கழற்றிய கை, பிறகு இன்னோர் அரசருக்குச் செருப்பு மாட்டக் கூடாது. வேலை அன்றோடு போய்விடும், குடும்பத்தில் அடுத்த ஆளுக்கு. யார் அந்த விதியைப் போட்டாரோ, பலே கெட்டிக்காரர். இல்லாவிட்டால் அரியணைக்கு ஆசைப்படுகிற ஒவ்வொருத்தனும் முதலில் செருப்புக்காரரைத்தானே விலைபேசுவான்?

அந்த விதி என்ன செய்யும் என்பதைச் சுமாசி தன் வீட்டிலேயே பார்த்தவர். அவருக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது அன்றைய அரசர் குடித்துவிட்டு ஒரு பெரியவரைக் கன்னத்தில் அறைந்தார். அடுத்த வாரமே சுமாசியின் அப்பாவைக் கூப்பிட்டார்கள். கழற்றி வைத்துவிட்டு வந்தார். சரியான காரியம் என்று ஊரே சொன்னது, அவரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு இருந்த இருபத்திரண்டு வருஷமும் திருவிழா ஊர்வலம் வீட்டுப் பக்கம் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். கடைசிப் படுக்கையில் மகனைக் கூப்பிட்டு, செருப்பை ஒருதரம் காட்டச் சொன்னார். பெரியவர்களிடம் அனுமதி வாங்கி, பட்டுத்துணியில் சுற்றி எடுத்துவந்து காட்டினார் சுமாசி. அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை. அந்தப் பார்வையைச் சுமாசி மறக்கவே இல்லை.

அப்பாவுக்குப் பிறகு வேலைக்கு வந்த சுமாசி முதலில் மாட்டியது ஒரு நல்ல மனிதருக்கு. அவர் தொண்ணூறு வயது வரை ஆண்டு, தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அடுத்து வந்தவர்தான் நானா அடார்க்வா.

அடார்க்வா அதற்கு முன் குமாசி நகரத்தில் சாலைப் பொறியாளராக இருந்தவர். நாற்பத்தைந்து வயது, ஆறடி உயரம், நூறு கிலோவுக்குக் குறையாது. எங்கள் வழக்கப்படி அரச குடும்பத்தில் யார் ஆசனத்தில் ஏறுவது என்று ராஜமாதாதான் பெயர் சொல்வார். ராஜமாதா செவா அடார்க்வாவுக்குப் பெரியம்மா. அவர் பெயர் சொன்னார், பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள், முற்றத்தில் நின்ற இளவட்டங்கள் கூவி ஏற்றுக்கொண்டார்கள். மூன்றில் ஒன்று மறுத்திருந்தாலும் நடந்திருக்காது.

ஆசனத்தில் ஏற்றுமுன் புது அரசருக்கு ஊர் ஒரு பட்டியல் வாசிக்கும். குடிக்கக் கூடாது. எங்களை முட்டாளே என்று ஏசக் கூடாது. கை நீட்டக் கூடாது. காதை இறுக்க மூடிக்கொள்ளக் கூடாது. எங்களைக் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது. எனக்கு நேரமில்லை என்ற சொல் உன் வாயில் வரக் கூடாது. அடார்க்வா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். அப்போது அவர் காலடியில் செருப்போடு உட்கார்ந்திருந்தவர் சுமாசி.

தலையாட்டியவர் ஆறையும் ஒழுங்காகக் காப்பாற்றியிருந்தால் நானும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். உண்மையைச் சொன்னால் நல்லவர்தான். குடி கிடையாது. பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டார், ஓடைக்குக் குறுக்கே பாலம் கட்டினார், மருத்துவமனைக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தார். ஆனால் எப்போதும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட மாதிரி நிற்பார். இரண்டு கையிலும் தங்கக் காப்புகள், அவற்றுக்கு நடுவில் ஒரு கைக்கடிகாரம். ஒரு விதவை தன் தோட்டத்து எல்லைத் தகராறோடு ஏழு முறை வந்து ஏழு முறையும் நாளைக்கு வா என்ற பதிலோடு திரும்பிப் போனாள்.

நானா பொதுவில் நேராகப் பேசக் கூடாது. அவர் மெல்லச் சொல்வதைப் பேச்சாளர் ஒச்சேரே எடுத்து, அழகுபடுத்தி, ஊருக்குச் சொல்ல வேண்டும். ஒச்சேரே வாயைத் திறந்தால் தேனொழுகும். அந்த மனிதரையே நானா பாதியில் கையைக் காட்டி நிறுத்துவார். "சுருக்கமாச் சொல்லுங்க, நேரமில்ல." ஒச்சேரேயின் முகம் சுண்டிப்போகும்.

சுமாசிக்கும் அந்த அவசரம் தெரியும். வலது காலை மாட்டிக்கொண்டிருக்கும்போதே இடது கால் நீண்டுவிடும். ஆனால் தனியாக இருக்கும்போது நானா அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார். அபெனாவின் முட்டிவலிக்குக் குமாசியிலிருந்து தைலம் வாங்கிவருவார். சுமாசிக்கு அவர்மேல் பிரியம் இருந்தது, கோபமும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு ஆறு வருஷம் நிம்மதியாகவே காலம் தள்ளினார்.

சந்தை விஷயத்தில்தான் பானை உடைந்தது. ஊர் நடுவில் இருக்கும் சந்தையைப் பாலத்துக்கு அப்பால் மாற்றுவது, பழைய இடத்தில் பெரிய பேருந்து நிலையம் கட்டுவது என்று மாவட்ட அலுவலகத்தில் திட்டம் வந்தது. நானா ஒரே பகலில் பார்த்து, ஒரே பகலில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெரியவர்களைக் கேட்கவில்லை, ராஜமாதாவைக் கேட்கவில்லை, சந்தைப் பெண்களைக் கேட்கவே இல்லை. பாலத்துக்கு அப்பால் இருக்கும் இடம் மழைக்காலத்தில் முழங்கால் சேறு. அது ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். நகரத்தில் வளர்ந்த நானாவுக்குத் தெரியாது. அவர் கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

சந்தைப் பெண்கள் ராஜமாதாவிடம் போனார்கள். ராஜமாதா பெரியவர்களைக் கூட்டினார். பெயர் சொல்லி ஏற்றியவரே குற்றமும் சொல்லலாம், அது அவருடைய உரிமை. அக்வாசிடே ஞாயிறு ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் எங்கள் திருநாள். அது முடிந்த மறுநாள் திங்கட்கிழமை விசாரணை என்று நாள் குறித்தார்கள். சுமாசியையும் வரச்சொல்லி ஆள் வந்தது. நானாவின் பாதத்துக்கு அடியில் விரிக்கிற வெள்ளாட்டுத் தோல் எதுவும் கொண்டுவர வேண்டாம், வெறுங்கையோடு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனான் வந்தவன். அதற்கு என்ன அர்த்தம் என்று சுமாசிக்குத் தெரியும்.

அன்று காலை கஞ்சி அவருக்கு இறங்கவில்லை. அபெனா எதிரில் உட்கார்ந்து கெங்கேக்கு இலை மடித்துக்கொண்டிருந்தாள். குற்றம் சொல்லப் போன பெண்களில் அவளும் ஒருத்தி.

"கழட்டிட்டு வாங்க. தோட்டத்துல களை மண்டிக் கெடக்கு, அதப் பாக்கலாம்" என்றாள்.

அவர் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார்.

"அந்தக் கால் மேல இருக்கற பாசம் என் கால் மேல இருந்திருந்தா எனக்கு ஏன் இந்த முட்டிவலி வருது?"

"உன் கால நான் என்னைக்காவது கழட்டி வெச்சேனா?" என்றார் சுமாசி. அபெனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் எழுந்து துணியைக் கட்டும்போது முடிச்சை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். நானா செய்தது தப்பு என்று அவருக்கும் தெரியும். ஊர் கழற்றச் சொன்னால் கழற்றத்தான் வேண்டும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவரும் ஊர்வலம் வந்தால் எழுந்து உள்ளே போகிறவராக ஆகிவிடுவார். அது மட்டும் அவருக்குத் தாங்காது.

அரண்மனை முற்றத்தில் சித்தப்பா மகன் பாஃபோ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். குடும்பத்தில் அடுத்த ஆள் அவன்தான். புதிதாகச் சலவை செய்த வெள்ளைத் துணி, எண்ணெய் தடவிய கைகள். கல்யாண மாப்பிள்ளை தோற்றான். சுமாசியைப் பார்த்து, பாவமாக முகத்தை வைத்துக்கொள்ள முயன்றான். அது சரியாக வரவில்லை.

நானா வந்து உயரமான நாற்காலியில் உட்கார்ந்தார். குற்றங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்டன. நானா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சந்தை விஷயம் முடிந்துபோய்விட்டது, கையெழுத்தும் ஆகிவிட்டது, பதினோரு மணிக்குக் குமாசியில் தனக்குக் கூட்டம் இருக்கிறது, எனவே இதைச் சுருக்கமாக முடிக்கலாம் என்று ஒச்சேரேயிடம் சொன்னார். ஒச்சேரே அதில் எதை அழகுபடுத்த முடியும்? அப்படியே சொன்னார். முற்றத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது.

கிழவியைக் கேட்டுவிட்டு வருகிறோம் என்று பெரியவர்கள் எழுந்து மரத்தடிக்குப் போனார்கள். கிழவி யாரும் அங்கே இல்லை. தனியாகப் பேசப் போவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கால் மணி நேரத்தில் திரும்பினார்கள். தீர்ப்பு இரண்டே வரி. நானா ஊரிடம் மன்னிப்புக் கேட்டு, ஆடு வெட்டி, சந்தைக் கதையை முதலிலிருந்து ஊரோடு பேச வேண்டும். இல்லையென்றால் செருப்பு இறங்கும்.

"சுமாசி, முன்னால வாங்க" என்றார் மூத்த பெரியவர்.

சுமாசி போய் மண்டியிட்டார். கிட்டத்தட்ட நாற்பது வருஷமாக மண்டியிட்ட இடம்தான். தலையைத் தூக்கி நானாவைப் பார்த்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை இந்த மனிதர் வாயிலிருந்து வந்துவிடக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.

நானாவின் முகம் சிவந்து கறுத்தது. அத்தனை பேர் முன்னால் சொந்தப் பெரியம்மாவே ஆள் வைத்து இறக்குகிறாள் என்ற ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. "இதுக்கு அவர் எதுக்கு? நானே கழட்டிக்கறேன்" என்று ஒச்சேரேயைப் பார்க்காமல் நேராகவே கத்தினார். இரண்டு காலையும் உதறினார். செருப்புகள் பறந்துபோய், ஒன்று முரசுக்காரர் பக்கமும் ஒன்று பாஃபோவின் பக்கமும் விழுந்தன. அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வெறுங்கால் தரையை நோக்கி இறங்கியது.

சுமாசி யோசிக்கவில்லை. யோசித்ததாக அவரே பிற்பாடு சொன்னதில்லை. உள்ளங்கை இரண்டையும் விரித்துத் தரையில் வைத்தார். நானாவின் இரண்டு பாதமும் அந்தக் கைகளின் மேல் இறங்கின.

முற்றத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நூறு கிலோ அரசர் ஒடிசலான மனிதரின் கைமேல் நிற்கிறார். பாதம் தரையில் படவில்லை. ஆக, இன்னும் அரசர்தான். ஒரு காலை எடுத்து வைத்தால் இல்லை. நாற்காலியை நிமிர்த்த இரண்டு பேர் ஓடினார்கள். செருப்பை எடுக்கப் பாஃபோ பாதி எழுந்தான், என்ன இருந்தாலும் அந்தக் குடும்பத்து ரத்தம். ராஜமாதா கையை உயர்த்தினார்.

"யாரும் அசைய வேணாம். பாஃபோ, உக்காரு. நானா நிக்கறாங்க. நின்னுக்கிட்டே கேக்கட்டும்."

அப்புறம் அவர் கேட்க வைத்தார் பாருங்கள். விதவையை எழுப்பி எல்லைத் தகராறைச் சொல்லச் சொன்னார். அவள் முதல் முறையாக முழுதாகச் சொன்னாள். அபெனா எழுந்து பாலத்துக்கு அப்பாலுள்ள சேற்றைப் பற்றிச் சொன்னாள். ஆனால் புருஷன் கையைப் பார்த்ததும் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நடுவில் ஒவ்வொன்றையும் ஒச்சேரே முறைப்படி எடுத்து, அடுக்கி, முன்னோர்களைத் துணைக்குக் கூப்பிட்டு, நானாவின் காதில் போட்டார். ஆறு வருஷமாக விழுங்கிய அத்தனை அலங்காரத்தையும் அன்றைக்குக் கக்கினார். நல்ல மனிதர்தான், ஆனால் அன்று கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஐந்து நிமிஷம் என்கிறார் முரசுக்காரர். அரை மணி என்று சத்தியம் செய்கிறான் பாஃபோ. நடுவில் எப்போதோ ஒரு சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. முன்வரிசையில் இருந்தவர்களுக்குத்தான் கேட்டது. நானாவுக்குக் காலில் தெரிந்தது.

அவர் கீழே பார்த்தார். சுமாசியின் நெற்றி வேர்த்து, உதடு கடிபட்டிருந்தது.

"மாமா, கையை எடுத்துடுங்க" என்றார் நானா, தணிந்த குரலில். "நான் எறங்கிக்கறேன். ஆசனம் போனாப் போகுது. கையை எடுங்க."

"எடுக்க மாட்டேன்."

"விரல் ஒடையுது மாமா."

"அது எனக்குத் தெரியாதா? நீங்க எறங்கினா நானும் எறங்கணும். உங்களுக்காச்சும் ரோடு போடத் தெரியும். எனக்கு இந்த வேலைய விட்டா வேற என்ன தெரியும்? பேசாம அவங்க சொல்றதக் கேளுங்க."

இது அவர் மெதுவாகச் சொன்னதுதான். ஆனால் அவ்வளவு அமைதியில் கடைசி வரிசை வரைக்கும் கேட்டுவிட்டது. யாரோ ஒருத்தர் சிரித்தார். பிறகு இன்னொருத்தர். கண்ணில் தண்ணீரோடு ஊரே சிரித்தது. நானாவும் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, தோள் குலுங்கியது.

ராஜமாதா சிரிக்கவில்லை. ஒரு மனிதனின் விரலுக்காக ஆசனத்தை விடுகிறேன் என்று தன் பிள்ளை சொன்னதை அவர் கேட்டிருந்தார். ஆறு வருஷத்துக்கு முன் இவன் பெயரைச் சொன்னது தப்பில்லை என்று அப்போதுதான் தோன்றியதாக அபெனாவிடம் பின்னால் சொன்னாராம்.

"நானா ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

"தப்புப் பண்ணிட்டேன். உங்களக் கேக்காம செஞ்சது தப்பு" என்றார் நானா. ஒச்சேரே அதை எடுத்து அலங்கரிக்கத் தொடங்கினார். ராஜமாதா அவரைப் பார்த்த பார்வையில் ஒரே வரியில் முடித்துக்கொண்டார். கையைக் காட்டியதும் பாஃபோ செருப்புகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். அவன் மாட்டவில்லை. செருப்பைச் சுமாசியின் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டான். நானா ஒவ்வொரு காலாக நகர்த்தி ஏறிக்கொண்டார். வலது கையில் இரண்டு விரலும் இடது கையில் ஒன்றும் தொய்ந்து கிடந்தன.

மாவட்ட மருத்துவமனையில் இரண்டு கைக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் தண்ணீர் படக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். எப்படி உடைந்தது என்று கேட்டதற்கு, அரசர் மிதித்துவிட்டார் என்று சுமாசி சொல்ல, டாக்டர் போலீசைக் கூப்பிடப் போய்விட்டார். ஒச்சேரே போய்த்தான் புரியவைக்க வேண்டியிருந்தது. அதற்கு அரைப் பகல் ஆயிற்று.

அங்கேதான் ஒரு சிக்கல் முளைத்தது. ஆறு வாரத்துக்கு நானாவுக்கு யார் செருப்பு மாட்டுவது? பெரியவர்கள் பாஃபோவைப் பார்த்தார்கள். பாஃபோ துணியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தான். செருப்பை ஒருமுறை வேறொருவர் கைக்கு மாற்றினால் அது திரும்பி வராது என்பது சுமாசிக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஒரே சமயத்தில் இரண்டு செருப்புக்காரர்கள் இருந்தது கிடையாது. கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் அவருக்கே அந்நியமாக இருந்தன.

நானாதான் முடிவு சொன்னார். தன் செருப்புக்காரருக்குக் கை குணமாகும் வரை தான் செருப்பே போடப் போவதில்லை. செருப்பு இல்லையென்றால் முற்றத்தைத் தாண்டிப் போக முடியாதே என்றார்கள். போகவில்லை, வருகிறவர்கள் வரட்டும் என்றார்.

இப்படித்தான் எங்கள் அரசர் ஆறு வாரம் வீட்டுக்காவலில் இருந்தார். உள்ளறையிலிருந்து முற்றத்து நாற்காலி வரை ஆட்டுத்தோல் விரித்திருந்தார்கள். காலையில் அதன்மேல் நடந்துவந்து உட்கார்ந்தால் சாயங்காலம் எழுந்து போவார். குமாசிக்கு ஓட முடியாது, பாலத்துக்கு ஓட முடியாது, கூட்டத்துக்கு ஓட முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கிற அரசர் கிடைத்தால் ஊர் விடுமா? எல்லையைக் காட்டுகிறவர்கள், பெண்டாட்டியைக் குறைசொல்கிறவர்கள், பிள்ளைக்குப் பெயர் கேட்கிறவர்கள் என்று வாசலில் வரிசை நின்றது. விதவையின் வழக்கு இரண்டே நாளில் தீர்ந்தது. மாவட்ட அதிகாரி தொலைபேசியில் அவசரமாகக் கூப்பிட்டார். என்னால் வர முடியாது, நீங்கள் வாருங்கள் என்றார் நானா. அதிகாரி புது பூட்ஸோடு வந்தார். சந்தைப் பெண்கள் அவரைப் பாலத்துக்கு அப்பால் அழைத்துப்போனார்கள். நல்ல மழை பெய்த மறுநாள். ஒரு பூட்ஸ் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. சந்தை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று அவரே எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். இத்தனை ஆட்சிகளைப் பார்த்த எனக்கு, அந்த ஆறு வாரத்தைப் போல ஒன்று பார்த்த நினைவில்லை.

சுமாசி அந்த நாட்களில் தினமும் அரண்மனைக்குப் போய் நானாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் அபெனா அவருக்குக் கிழங்கை இடித்துச் செய்த ஃபூஃபூவைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்து ஊட்டிவிட்டாள். முதல் நாள் கூச்சப்பட்டார். மூன்றாம் நாள், உருண்டை சிறிதாக இருக்கிறது என்று குறைசொன்னார். "ராஜாவத் தாங்கின கையாச்சே, நான் என்ன சொல்ல முடியும்" என்று அவள் அடுத்த உருண்டையைப் பெரிதாகவே பிடித்தாள்.

கட்டுப் பிரித்த அன்று அவர் முகத்தில் ஈயாடவில்லை. வலது கையின் நடு இரண்டு விரலும் மடங்கவில்லை. எண்ணெய் போட்டு நீவியும் பலனில்லை. நீட்டினபடியே நின்றன. செருப்புப் பட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியவை அந்த இரண்டும்தான். மறுநாள் மறுபடியும் அக்வாசிடே. ஊர் முழுக்கக் கூடும், பக்கத்து ஊர் அரசர்கள் வருவார்கள், குமாசியிலிருந்து ஓர் அமைச்சரும் வருவதாகச் சொன்னார்கள். ஆறு வாரம் கழித்து நானா வெளியே வர வேண்டும்.

காலையில் சுமாசி மண்டியிட்டபோது பெரியவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். பாஃபோவும் இருந்தான். அவர் நானாவின் வலது பாதத்தை எடுத்து மடியில் வைத்துத் துடைத்தார். பட்டையைத் தூக்கினார். வழுக்கியது. இரண்டாவது முறையும் வழுக்கியது. மூன்றாவது முறை கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் கொடுத்து மெல்ல மெல்ல நுழைத்தார். வெளியே முரசு ஒரு சுற்று முடிந்து மறுசுற்றுத் தொடங்கியது. அமைச்சரின் கார் இரண்டு முறை ஒலியெழுப்பியது. ஒச்சேரே குனிந்து, பாஃபோ கொஞ்சம் கைகொடுக்கட்டுமா என்று நானாவின் காதில் கேட்டார். சுமாசிக்கும் அது கேட்டது. அவர் கை அப்படியே நின்றது.

"வேணாம்" என்றார் நானா. "அவர் விரல் என்ன வேகமோ அந்த வேகத்துல நான் வெளிய வந்தாப் போதும். இதையும் ஊருக்குச் சொல்லுங்க."

ஒச்சேரே வாசலுக்குப் போய்ச் சொன்னார். சுமாசி தலையை நிமிர்த்தவில்லை. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, இடது பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.